சூரிய விளக்கின் பாட்டரிக்கு ஒரு காவலாளி

இல்லந்தோறும் அறிவியல்



இயற்கை சீறும்போது முதலில் நம்மை விட்டுப் போவது மின்சாரம். கடைசியில் திரும்பி வருவதும் மின்சாரமே. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை முதலான கடலோர ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன; உட்கிராமங்கள் சிலவற்றுக்கு வெளிச்சம் திரும்ப வாரங்கள் ஆயின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தபோதும், தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் இதே துன்பத்தை அனுபவித்தனர்.

அத்தகைய இரவுகளில் ஒரு சிறு விளக்கும், கைப்பேசிக்குச் சிறிது மின்சாரமும் இருப்பது எத்துணை பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். வீட்டில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்க, குடும்பத் தலைவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ பணியில் இருக்கும் இல்லங்களில் அந்தச் சிறு வெளிச்சம் வசதி மட்டுமன்று, அது துணை.

இதனை உணர்ந்து பலர் தம் வீட்டு மாடியில் ஒரு சிறு சூரிய மின்தகட்டையும், கீழே ஒரு பாட்டரியையும் அமைத்துக் கொண்டனர். ஆனால் பல வீடுகளில் நாம் காண்பது என்ன? மாடியில் தகடு இன்னும் பளபளவென்று இருக்கிறது. கீழே பாட்டரி மட்டும் உயிரற்றுக் கிடக்கிறது. நல்ல தகடு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கக் கூடியது. ஐந்தாறு ஆண்டுகளேனும் உழைக்க வேண்டிய பாட்டரி இரண்டாவது மழைக்காலத்தைக் கூடக் காண்பதில்லை. காரணம், அதனைப் பாதுகாக்கும் காவலாளி இல்லாமையே. அந்தக் காவலாளிக்கு ‘சார்ஜ் கண்ட்ரோலர்’ என்று பெயர். அதன் எளிய வடிவம் ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை இம்மாதம் பார்ப்போம்.

மாடி முழுதும் தகடு இருந்தால் போதாதா?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் வாயிலாகப் பல இல்லங்களில் பெரிய சூரிய மின் அமைப்புகள் வந்துள்ளன. ‘எங்கள் மாடியில்தான் மூன்று கிலோவாட் இருக்கிறதே, இந்தச் சிறு பாட்டரி எதற்கு?’ என்று சிலர் எண்ணலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும், பாட்டரி இல்லாத அமைப்புகள், வாரிய மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். ஆகவே புயல் இரவில் கைகொடுப்பது பாட்டரியோடு கூடிய தனி அமைப்புத்தான். அது சிறியதாக இருந்தாலும் சரியே.

பாட்டரி எதனால் சாகிறது?

நாம் பயன்படுத்தும் காரீய அமில பாட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரி என்பது, தலா 2 வோல்ட் தரும் ஆறு அறைகளின் தொடர். ஒவ்வோர் அறையிலும் காரீயத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன.

இதற்கு இரண்டு பகைவர்கள். முதற்பகை, பட்டினி. பாட்டரியை அடிமட்டம் வரை காலி செய்து, பல நாட்கள் அப்படியே போட்டுவிட்டால், தகடுகளின் மீது ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அது கரையாது.

இரண்டாவது பகை, அளவுக்கு மீறிய ஊட்டம். பாட்டரி நிறைந்த பிறகும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால், அதனைச் சேமிக்க இடமின்றி, அமிலத்தில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். நீர்மட்டம் இறங்கும், தகடுகள் வெளியே தெரியும், அரிப்பு ஏற்பட்டு உதிரும். அறை ஒன்றுக்குச் சுமார் 2.4 வோல்ட், அதாவது மொத்தத்தில் 14.4 வோல்ட் என்னும் அளவை நெருங்கும்போது இந்தக் கொதிப்பு வலுக்கிறது.

சூரிய மின்தகடு இந்த எல்லையை அறியாது. ‘12 வோல்ட் தகடு’ என்று விற்கப்படும் தகட்டில் வழக்கமாக 36 சிலிக்கன் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 வோல்ட் தரும். எனவே எதனோடும் இணைக்காத நிலையில் வெயிலில் 21 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பாட்டரியில் இடம் இருக்கும் வரை இது நன்மையே. இடம் நிறைந்த பின் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தால் தீமை. தகட்டுக்குக் கொடுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

காவலாளியின் வேலை

எனவே நமக்கு வேண்டியது, பாட்டரியின் வோல்ட்டை இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாயிற்காவலன். 14.4 வோல்ட்டை எட்டியதும் அவன் கதவை அடைக்க வேண்டும். அடைத்தவுடன் வோல்ட் சற்று இறங்கும். இறங்கியதும் திறந்து, ஏறியதும் அடைத்து என்று நொடிக்கு நொடி ஆடிக்கொண்டிருந்தால் கதவே தேய்ந்துவிடும். ஆகையால் 13.2 வோல்ட் வரை இறங்கிய பிறகே மீண்டும் திறக்க வேண்டும். இந்த இரண்டு எண்களே இக்கருவியின் உயிர்.

இரண்டு எல்லைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு இயங்கக் கூடிய மலிவான ஐ.சி. ஒன்று இருக்கிறது. அதுவே 555. ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-இல் வடிவமைத்தது. நேரம் அளக்கும் கருவியாகப் பிறந்த இதன் உள்ளே இரண்டு ஒப்பீட்டுப் பகுதிகள் உள்ளன. 6-ஆம் காலில் வரும் வோல்ட், ஐ.சி.க்குக் கொடுத்த வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், வெளியீடு அணையும். 2-ஆம் காலில் வரும் வோல்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், வெளியீடு உயிர்பெறும். இடைப்பட்ட நேரத்தில் முன்பிருந்த நிலையே நீடிக்கும். நாம் தேடிய காவலன் இவனே அன்றோ!

தேவையான பொருட்கள்

கீழ்க்கண்டவை 40 வாட் வரையிலான தகட்டுக்கும், 40 ஆம்பியர்-மணி அளவிலான 12 வோல்ட் காரீய அமில பாட்டரிக்கும் பொருந்தும்.

1. 555 ஐ.சி. ஒன்றும், அதனைச் செருகும் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றும்.
2. 7805 என்னும் ரெகுலேட்டர் ஐ.சி. ஒன்று. (பாட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் 555-க்கு நிலையான 5 வோல்ட் தருவது இது.)
3. 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று.
4. 12 வோல்ட் ரிலே ஒன்று. காயில் சுமார் 400 ஓம், முனைகள் 10 ஆம்பியர் தாங்குபவை.
5. 1என்5822 ஷாட்கி டையோடு ஒன்று; 1என்4007 டையோடு ஒன்று.
6. ரெசிஸ்டர்கள்: 27 கிலோ ஓம் இரண்டு, 1 கிலோ ஓம் ஒன்று, 2.2 கிலோ ஓம் ஒன்று.
7. 10 கிலோ ஓம் பிரீசெட் இரண்டு. பல சுற்றுகள் திருகக் கூடியவையாக இருந்தால் அளவு துல்லியமாக அமையும்.
8. கெப்பாசிட்டர்கள்: 10 மைக்ரோ பாரட் இரண்டு, 0.33 மைக்ரோ பாரட் ஒன்று, 0.1 மைக்ரோ பாரட் ஒன்று, 0.01 மைக்ரோ பாரட் ஒன்று.
9. பச்சை எல்.இ.டி. ஒன்று, 5 ஆம்பியர் பியூஸ் இரண்டும் அவற்றின் தாங்கிகளும், துளையிட்ட சர்க்யூட் பலகை, பெட்டி.

கருவிகள் என்று பார்த்தால், 25 வாட் சால்டரிங் அயர்னும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் அவசியம்.

இணைக்கும் முறை

முதலில் மின்சாரம் ஓடும் பெரிய பாதையை அமைப்போம். தகட்டின் பாசிட்டிவ் கம்பி ரிலேயின் பொது முனைக்குச் செல்லட்டும். ரிலே இயங்காதபோது பிரிந்திருக்கும் முனையிலிருந்து (என்.ஓ. என்று குறித்திருக்கும்) ஷாட்கி டையோடின் கோடு இல்லாத பக்கத்துக்கு இணையுங்கள். கோடு உள்ள பக்கத்திலிருந்து பியூஸ் வழியாக பாட்டரியின் பாசிட்டிவுக்குச் செல்லட்டும். பியூஸ் பாட்டரியின் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தகடு, பாட்டரி, பலகை ஆகிய மூன்றின் நெகட்டிவ்களும் ஒன்றாகச் சேரும். அதுவே நம் பொதுத் தரை.

அடுத்து ரிலேயின் காயில். அதன் ஒரு முனையைத் தகட்டின் பாசிட்டிவோடு சேருங்கள். பாட்டரியின் பாசிட்டிவோடு அன்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. காயில் இயங்கச் சுமார் 30 மில்லி ஆம்பியர் வேண்டும். அதனைத் தகட்டிலிருந்து எடுத்தால், பொழுது சாய்ந்ததும் ரிலே தானே விழுந்துவிடும். இரவு முழுவதும் பாட்டரியைக் குடிக்காது. பாட்டரி மின்சாரம் பின்னோக்கி ஓடிக் காயிலைப் பிடித்து வைக்காமல் ஷாட்கி டையோடு தடுக்கும். மேலும், சர்க்யூட் பழுதாகி டிரான்சிஸ்டருக்குக் கட்டளை வராமல் போனால் கதவு மூடியே நிற்கும். பழுதின்போது பெரும்பாலும் ‘அடை’ என்ற பக்கம் சாய்வதே பாதுகாப்பு.

காயிலின் மறு முனை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குச் செல்லட்டும்; எமிட்டர் தரைக்கு; பேஸ், 1 கிலோ ஓம் வழியாக 555-இன் 3-ஆம் காலுக்கு. காயிலுக்கு இணையாக 1என்4007 டையோடை, அதன் கோடு தகட்டின் பாசிட்டிவ் பக்கம் இருக்குமாறு வையுங்கள். ரிலே விழும் கணத்தில் காயிலில் எழும் உயர் வோல்ட் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாமல் இது காக்கும். பச்சை எல்.இ.டி.யை 2.2 கிலோ ஓமுடன் தொடராக்கி, அதனையும் காயிலுக்கு இணையாக இணைத்துவிடுங்கள். அதன் நீண்ட கால் தகட்டின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். வெயிலும் இருந்து கதவும் திறந்திருந்தால் மட்டுமே இந்த விளக்கு எரியும்.

இனி மூளைப் பகுதி. பாட்டரி பாசிட்டிவ் (பியூசுக்கும் டையோடுக்கும் இடைப்பட்ட இடம்) 7805-இன் உள்ளீட்டுக்குச் செல்லட்டும். உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே 0.33, வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர்களை வையுங்கள். வெளியீட்டின் 5 வோல்ட்டை 555-இன் 8-ஆம், 4-ஆம் கால்களுக்குக் கொடுங்கள். 1-ஆம் கால் தரைக்கு. 5-ஆம் காலிலிருந்து 0.01 மைக்ரோ பாரட் தரைக்கு. 7-ஆம் கால் வெறுமனே இருக்கட்டும்.

கடைசியாக, அளவு பார்க்கும் இரண்டு ஏணிகள். அதே பாட்டரி பாசிட்டிவிலிருந்து 27 கிலோ ஓம், அதன் அடியில் 10 கிலோ ஓம் பிரீசெட், அதன் அடி முனை தரைக்கு. இவ்வாறு ஒரே மாதிரி இரண்டு ஏணிகள் அமையுங்கள். முதல் பிரீசெட்டின் நகரும் கால் 555-இன் 6-ஆம் காலுக்கு. இரண்டாவதின் நகரும் கால் 2-ஆம் காலுக்கு. 6-ஆம் காலுக்கும் தரைக்கும், 2-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே தலா ஒரு 10 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டரை, பாசிட்டிவ் பக்கம் ஐ.சி.யை நோக்குமாறு இணையுங்கள். மின்விசிறி போடும்போதும் நிறுத்தும்போதும் உண்டாகும் கணநேரத் தள்ளாட்டங்களை இவை விழுங்கிக்கொள்ளும்.

அளவு வைத்தல்

இங்கேதான் பலர் தயங்குவார்கள். ‘வோல்ட்டை ஏற்றி இறக்கிப் பார்க்க விலையுயர்ந்த பவர் சப்ளை வேண்டுமே!’ என்பார்கள். வேண்டியதில்லை. பள்ளியில் கற்ற மும்மை விதி போதும்.

தகட்டை இணைக்காமல், பாட்டரியை மட்டும் இணையுங்கள். மல்டிமீட்டரால் 555-இன் 5-ஆம் காலைத் தொட்டுப் பாருங்கள். 7805 சரியாக 5 வோல்ட் தந்தால் இங்கே 3.33 வோல்ட் இருக்கும். சற்று முன்பின் இருந்தால் கவலை இல்லை. உங்கள் மீட்டர் காட்டுவதையே கணக்கில் கொள்ளுங்கள். அடுத்து, பாட்டரியின் வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 12.6 என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டரி 14.4 ஆகும்போது 6-ஆம் காலில் 3.33 வர வேண்டும். அப்படியானால் 12.6 ஆக இருக்கும் இப்போது 3.33-ஐ 12.6-ஆல் பெருக்கி 14.4-ஆல் வகுக்க, 2.91 வோல்ட் கிடைக்கும். 6-ஆம் காலில் 2.91 காட்டும் வரை முதல் பிரீசெட்டைத் திருகுங்கள். அவ்வாறே பாட்டரி 13.2 ஆகும்போது 2-ஆம் காலில் 3.33-இன் பாதியாகிய 1.67 வர வேண்டும். இப்போது 1.67-ஐ 12.6-ஆல் பெருக்கி 13.2-ஆல் வகுக்க, 1.59 வோல்ட். இரண்டாவது பிரீசெட்டை அதற்குத் திருகுங்கள். வேலை முடிந்தது. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளை அருகில் அமர்த்தி அவர்களையே இதைச் செய்யச் சொல்லலாம். பின்னமும் விகிதமும் எதற்குப் பயன்படும் என்று இனி அவர்கள் கேட்க மாட்டார்கள்.

14.4 என்பது, தண்ணீர் ஊற்றும் வகை பாட்டரிக்கு, 25 டிகிரி வெப்பத்தில் பொருந்தும் பொது அளவு. வெப்பம் ஏற ஏற எல்லை தாழ வேண்டும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.03 வோல்ட். நம் கோடையில் பாட்டரி அறை 35 டிகிரியில் இருக்குமானால் 14.1 போதும். மூடி முத்திரையிட்ட பாட்டரிகளின் மேல் அதற்குரிய அளவை அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தே இறுதித் தீர்ப்பு.

இயங்குவதைக் கவனித்தல்

எப்போதும் பாட்டரியை முதலில் இணையுங்கள், பிறகே தகட்டை. கழற்றும்போது தகட்டை முதலில் கழற்றுங்கள். வெயிலில் தகட்டை இணைத்ததும் ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். பச்சை விளக்கு எரியும். பாட்டரி நிறைந்ததும் இன்னொரு ‘டிக்’, விளக்கு அணையும். சற்று நேரம் கழித்து மீண்டும் எரியும். இவ்வாறு எரிந்து அணைவது பழுதன்று. நிறைந்த பாத்திரத்தைச் சிறிது சிறிதாக மேல்விளிம்பு வரை நிரப்பும் முறை.

இந்த ஒலியே பாட்டரியின் நாடித்துடிப்பு எனலாம். நல்ல பாட்டரி நிறையப் பல மணி நேரம் பிடிக்கும். நிறைந்த பின் இறங்கவும் நேரமாகும். காலையிலேயே சில நிமிடங்களில் நிறைந்துவிட்டதாகக் காட்டி, சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தால், கருவியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பாட்டரி முனைகள் தளர்ந்துள்ளனவா, பூத்துள்ளனவா என்று பாருங்கள். அவை நன்றாக இருந்தால், பாட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்பதே பொருள். புயல் வரும் மாதத்துக்கு முன்பே இதனை அறிந்துகொள்வது எவ்வளவு நல்லது!

இக்கருவி அளவுமீறிய ஊட்டத்தைத் தடுக்கும், பட்டினியைத் தடுக்காது. அதனை நாமே கவனிக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வாக இருந்த பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்காமல் இருப்பவரின் பாட்டரி நீண்ட நாள் வாழும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பாட்டரிக்கு அருகே சுவரில் ஒட்டி வையுங்கள். மீட்டரைப் பிடிக்கும் முறையை வீட்டுப் பெண்கள் அனைவரும் கற்றிருக்க வேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் இல்லங்களில் ‘அவர் வந்து பார்ப்பார்’ என்று இரண்டாண்டு காத்திருக்க பாட்டரிக்குத் தெரியாது.

வரவு செலவையும் அறிந்துகொள்வோம். 40 வாட் தகடு நல்ல வெயிலில் சுமார் 2.3 ஆம்பியர் தரும். நம் மாநிலத்தில் ஒரு நாளின் வெயிலை, முழு வெயில் ஐந்து மணி நேரத்துக்குச் சமமாகக் கொள்ளலாம். ஆக வரவு 11.5 ஆம்பியர்-மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்றை நான்கு மணி நேரமும், 15 வாட் டி.சி. மின்விசிறி ஒன்றை நான்கு மணி நேரமும் பயன்படுத்தினால் செலவு 10 ஆம்பியர்-மணி. வரவுக்குள் செலவு அடங்குகிறது. இதற்கு மேல் ஒரு விசிறி சேர்த்தால், பாட்டரி நாள்தோறும் கடன்பட்டு ஒரு வாரத்தில் சோர்ந்துவிடும். தகட்டைத் தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி சாய்வில் வையுங்கள். செல்கள் தொடராக இருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

பாட்டரி வெளியிடும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பற்றக் கூடியது. ரிலேயின் முனைகள் பிரியும்போது சிறு பொறி தோன்றும். ஆகவே இக்கருவியைப் பாட்டரி இருக்கும் பெட்டிக்குள்ளோ, பாட்டரிக்கு நேர் மேலேயோ வைக்கவே கூடாது. பாட்டரியைப் படுக்கையறையிலும் அடுப்பங்கரையிலும் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வையுங்கள்.

வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் நம்மைத் தாக்காது. ஆனால் இரண்டு முனைகளையும் ஓர் உலோக வளையல் இணைத்துவிட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

விளக்குகளுக்குச் செல்லும் கம்பிக்கும் தனியாக ஒரு பியூஸ் அவசியம். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, பிறகு நீரால் கழுவலாம். பாட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதுவும் ஆகாது. கிணற்று நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

மிக முக்கியமானது: லித்தியம் பாட்டரிக்கு இக்கருவியை ஒருபோதும் இணைக்காதீர்கள். அவற்றின் எல்லைகள் வேறு. மீறினால் தீ விபத்து நேரக் கூடும். அவற்றுக்கெனத் தயாரித்த கண்ட்ரோலரையே வாங்க வேண்டும். அவ்வாறே, 40 வாட்டுக்கு மேற்பட்ட தகட்டுக்கும் இதனைப் பயன்படுத்தாதீர்கள்.

கடையில் கிடைக்கிறதே?

உண்மைதான். ‘பி.டபிள்யூ.எம்.’, ‘எம்.பி.பி.டி.’ என்று இருவகைக் கண்ட்ரோலர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை நாம் செய்வதைவிட நுட்பமானவை என்பதிலும் ஐயமில்லை. நம் கருவி தகட்டை நேரே பாட்டரியோடு சேர்ப்பதால், 17.5 வோல்ட்டில் 40 வாட் தரக் கூடிய தகடு, பாட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டு 30 வாட் அளவே தருகிறது. எம்.பி.பி.டி. வகை இந்த இழப்பின் பெரும் பகுதியை மீட்டுத் தரும். வீடு முழுவதற்குமான பெரிய அமைப்பு வைப்போர் அதனையே வாங்குவது அறிவுடைமை.

ஆயினும் கடையில் வாங்கிய பெட்டி மூடிய பெட்டி. அதன் விளக்கு ஏன் சிமிட்டுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. பாட்டரி கெட்டதா, தகடு கெட்டதா, பெட்டி கெட்டதா என்று அறியாமல், யாரோ சொன்னதைக் கேட்டு நல்ல பாட்டரியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். சிறிய காவலாளி ஒன்றைத் தம் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இராது. ஒரு மீட்டரும், 14.4, 13.2 என்னும் இரண்டு எண்களும் அவர்களுக்கு வழிகாட்டும். நாளை பெரிய கண்ட்ரோலரை வாங்கினாலும் அதன் பேச்சு அவர்களுக்குப் புரியும்.

மின்னணுவியலோ மின்பொறியியலோ பயிலும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், வரும் விடுமுறையில் இதனை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் செய்து முடித்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பாட்டரியின் நீர்மட்டத்தையும் சரிபார்த்து வைத்துவிட்டால், மின்கம்பி அறுந்து விழும் இரவிலும் உங்கள் இல்லத்தில் ஒரு விளக்கு எரியும். அண்டை வீட்டாரின் கைப்பேசிக்கும் அதிலிருந்து சிறிது மின்சாரம் கொடுக்கலாம்.